எந்த நெல்லூர்? பழைய கோயில் பதிவேடுகளில் ஊர்ப் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி

குடும்ப வரலாறு தேடுகிறவர்களை ஆள் பெயரைவிட ஊர்ப் பெயர்தான் அதிகம் அலைக்கழிக்கும். அந்தோணி, சவரிமுத்து, ஞானப்பிரகாசம் என்று எந்தக் கிறிஸ்தவக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தாலும் நிறையப் பேர் கிடைப்பார்கள். அவர்களில் நம் முன்னோர் யார் என்று பிரித்துக் காட்டுவது பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்தான். அந்த ஊரைத் தவறாகப் படித்தால் வேறு யாருடைய வம்சத்தையோ நம்முடையது என்று எழுதி வைத்துவிடுவோம்.

யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடும்போது, 19-ஆம் நூற்றாண்டு மிஷன் பதிவேட்டில் ஊர் ‘நெல்லூர்’ என்று ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெல்லூர் ஆந்திராவில் இருக்கிறது. அங்கே 1840 முதல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனும் நடந்தது. ஆகவே முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 1818-இல் இலங்கைக்கு வந்த சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி என்ற ஆங்கிலேய மிஷன்) மிஷனரிமார் யாழ்ப்பாணத்து நல்லூரையும் அதே எழுத்துகளில்தான் எழுதினார்கள். கந்தசுவாமி கோயில் இருக்கிற அதே நல்லூர்தான். ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் கடலுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர்.

எந்த நெல்லூர் என்று அந்தப் பெயரை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இதை எழுதியவர் எந்த மொழிக்காரர்? இதே பக்கத்தில் வேறு எந்த ஊர்கள் இருக்கின்றன? பழைய ஊர்ப் பெயர் படிப்பதில் மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைப்பதுதான்.

எழுதியவர் காதில் எப்படி விழுந்தது

கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கும் கட்டாயம் 16-ஆம் நூற்றாண்டில், திரெந்து சங்கம் என்ற ஆயர்கள் பேரவையின் காலத்தில் வந்தது. தமிழ்க் கரைகளில் அந்தப் பதிவேடுகளை எழுதியவர்களில் போர்த்துக்கீசியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், கோவாக்காரர் எல்லோரும் உண்டு. புராட்டஸ்டண்டு பக்கத்தில் டச்சுக்காரர், ஜெர்மானியர், ஆங்கிலேயர், அமெரிக்கர். ஊர் மக்களோ உபதேசியாரோ வாயால் சொன்னதைக் காதால் கேட்டு, தங்கள் மொழியில் அந்த ஒலிக்கு எந்த எழுத்து வருமோ அதைப் போட்டார்கள். எனவே அந்த எழுத்தை இன்றைய ஆங்கிலமாக நினைத்துக் கண்ணால் படிக்கக் கூடாது. எழுதியவர் மொழியில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பிடிபடாத பெயர் காதுக்குப் பல நேரம் உடனே பிடிபட்டுவிடும்.

போர்த்துக்கீசியர் காதிலிருந்து தொடங்கலாம். தூத்துக்குடியை அவர்கள் ‘தூத்துக்கொரிம்’ என்றார்கள். நாக்கை மடித்துச் சொல்லும் நம் டகரம் அவர்களுக்கு ரகரமாகக் கேட்டது. கடைசியில் ஒரு மூக்கொலியைச் சேர்ப்பது அவர்கள் வழக்கம். கொச்சியும் இப்படித்தான் ‘கொச்சிம்’ ஆயிற்று. ‘தூத்துக்கொரிம்’ என்பதிலிருந்துதான் ஆங்கிலத்தின் டூட்டிகொரின் வந்தது. வகரத்தைப் பகரமாக எழுதுவதும் பழைய பதிவுகளில் மிகுதி. வட்டுக்கோட்டை ‘பட்டிகோட்டா’ ஆனது அப்படித்தான். அமெரிக்க மிஷன் 1823-இல் அங்கே தொடங்கிய செமினரிக்கும் அதுவே பெயராயிற்று. மட்டக்களப்பு ‘பட்டிகலோவா’ ஆனபோது பகரமாக மாறியது மகரம். ஆக, பழைய பெயர் ‘பட்டி’ என்று தொடங்கினால் நம் ஊர்களின் ‘பட்டி’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றில் அது வட்டு, இன்னொன்றில் மட்டு.

பிரெஞ்சு எழுத்து சீராக இருக்கும். ஒருமுறை பழகிவிட்டால் எளிது. ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து வந்தால் நம் உகரம் அல்லது ஊகாரம். ‘பாஹூர்’ பாகூர், ‘வில்லெனூர்’ வில்லியனூர், ‘அரியாங்கூப்பம்’ அரியாங்குப்பம். ‘ஊல்கரே’ மட்டும் புதியவர்களைத் திணறடிக்கும். அது உழவர்கரை. ழகரம் லகரமாகி, நடுவில் இருந்த ‘வர்’ கரைந்துவிட்டது. காரைக்கால் பகுதிப் பதிவுகளில் ‘கிராந்த் அல்தே’ என்று ஓர் ஊர் வரும். எவ்வளவு வாய்விட்டுப் படித்தாலும் அதில் தமிழ் ஒலி கேட்காது, ஏனென்றால் அது ஒலிபெயர்ப்பே இல்லை. ‘பெரிய கிராமம்’ என்று அவர்கள் வைத்த பெயர். ஊர் திருமலைராயன்பட்டினம்.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று. ஆட்சி செய்தவர் ஆங்கிலேயர் என்பதால் எழுதியவரும் ஆங்கிலேயர் என்று ஆகாது. திருநெல்வேலிச் சீமை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோதும், 19-ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷன் கத்தோலிக்கப் பங்குகளில் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் பணியாற்றினார்கள். பக்கத்துத் தெருவில் கோவாச் சாமியார் ஒருவரின் கீழ் இன்னொரு கோயிலும் இருக்கலாம். கோயில்களை நிர்வகிக்கப் போர்ச்சுகல் அரசருக்கு இருந்த பதுரவாதோ அதிகாரமும் ரோமாபுரியின் நேரடி அதிகாரமும் மோதிக்கொண்ட காலம் அது. ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு பதிவேடு, ஒரே ஊருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல். ஒரு பதிவேட்டில் பாட்டனார் கிடைக்கவில்லை என்றால் மற்றதையும் பார்க்காமல் விடக் கூடாது.

ஜெர்மானியர் கைக்கு வருவோம். டேனிஷ் கொடியின் கீழ் இருந்த தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கினார். டேனிஷ்காரர் அந்த இடத்தை ‘ட்ராங்கேபார்’ என்றார்கள். அங்கிருந்து புறப்பட்ட லுத்தரன் சபைகளின் பழைய ஏடுகளில் யகரத்துக்கு ஜே என்ற எழுத்து வரும், வகரத்துக்கு டபிள்யூ வரும், சகரத்துக்கு எஸ், சி, எச் மூன்றும் சேர்ந்து வரும். ‘மஜாவெரம்’ என்று இருப்பதை ஜெர்மானியர்போல் சொன்னால் மாயவரம். 1982-இல் மயிலாடுதுறை ஆன அதே ஊர். ‘ஷியாலி’ என்பது சீர்காழி. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘சீயாழி’ என்று சொல்வதைக் கேட்டவர்களுக்கு அது புதிராகவே இருக்காது. பெயர்ப் பலகையில் இருப்பதைவிட ஊர்க்காரர் வாயில் புழங்கும் பெயர்தான் பதிவேட்டுக்கு நெருக்கம். எனவே வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பெயரை அவர்களிடம் எழுதிக் காட்டாதீர்கள். நீங்களே சத்தமாகச் சொல்லிக் காட்டுங்கள்.

ஆங்கிலேயர் எழுத்தில் மூன்று பழக்கங்களைக் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஒன்று, யூ என்ற எழுத்தை அவர்கள் நம் அகரத்துக்குப் போடுவார்கள். கடப்பையும் கடலூரும் அவர்கள் எழுத்தில் ‘கு’ என்று தொடங்குவதுபோலத் தெரிவது அதனால்தான். ‘புட்டி’ என்று வந்தால் பட்டி. இரண்டு, ஊர் என்பதை ‘ஓர்’ என்று முடிப்பார்கள்: டாஞ்சோர், வெல்லோர், எக்மோர். எழும்பூரில் ழகரம் ஜி ஆகிப்போனதையும் பாருங்கள். ழகரத்துக்கு எல், ஆர், ஜி எது வேண்டுமானாலும் வரும். சோழமண்டலம் கொரமண்டல் ஆனபோது ஆர், பழவேற்காடு புலிகாட் ஆனபோது எல். மூன்று, ஐகாரத்துக்கு ஈ, ஐ என்ற இரண்டு எழுத்துகளையும் சேர்த்துப் போடுவது. இதைத் திருநெல்வேலி மிஷன் ஏடுகளில் நிறையப் பார்க்கலாம். ‘பனெய்விலெய்’ பண்ணைவிளை, ‘சுரண்டெய்’ சுரண்டை. தரங்கம்பாடிக்குப் பக்கத்துப் பொறையாறும் ‘பொரெயார்’ என்று இதே போல வரும்.

‘திரு’ என்ற முன்னொட்டு படும் பாடு தனி. திருச்சிராப்பள்ளி ‘ட்ரிச்சினாபொலி’, திருநெல்வேலி ‘டின்னவெல்லி’, திருவிதாங்கூர் ‘ட்ராவன்கோர்’, திருவல்லிக்கேணி ‘ட்ரிப்ளிகேன்’. பழைய ஆங்கில ஏடுகளில் ‘ட்ரினோமலி’ என்றால் திருவண்ணாமலை. ‘ட்ரின்கோமலி’ என்றால் பெரும்பாலும் திருகோணமலை. நடுவில் ஒரு சி-தான் வித்தியாசம். மை பரவிய பக்கத்தில் அந்த ஓர் எழுத்து தெரியாமல் போனால் குடும்பம் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து இலங்கைக்குப் போய்விடும். அதே சமயம் ‘ட்ரா’ என்று தொடங்குவதெல்லாம் திரு இல்லை. ட்ராங்கேபாரில் இருப்பது தரங்கம்.

எழுத்துக்கூட்டல் ஒரே பதிவேட்டிலும் காலப்போக்கில் மாறும். 1870-களில் அரசாங்கம், இந்தியப் பெயர்களை ஆங்கிலத்தில் ஒரே சீராக எழுதும் ஹண்டர் முறையை ஏற்றுக்கொண்ட பிறகு, டபிள் ஓ போட்ட இடத்தில் யூ வரத் தொடங்கியது. ‘கூடி’ என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் ‘குடி’ என்று எழுதினார்கள். கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி அவர் காலத்து ஏடுகளில் ‘எடெயென்கூடி’. பின்னாளில் அதுவே வேறு எழுத்தில் வரும்போது இரண்டு ஊர் என்று நினைத்துவிட வேண்டாம்.

புதிதாக வைத்த பெயர்கள்

எந்தத் தமிழ் ஒலியும் இல்லாத பெயர்கள் இன்னொரு வகை. பரங்கிப்பேட்டை ‘போர்ட்டோ நோவோ’. யாழ்ப்பாணத் தீவுகளுக்கு டச்சுக்காரர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரையே வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணைத்தீவு லைடன், காரைதீவு (இன்றைய காரைநகர்) ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடல்பர்க். பழைய டச்சு ஏட்டில் முன்னோர் ஒருவர் ‘ஆம்ஸ்டர்டாம்’காரர் என்று இருந்தால், ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் காரைநகரை நினைத்துப் பாருங்கள். டெல்ஃப்ட் மட்டும் இன்றும் அரசாங்கப் பெயராகவே நிலைத்துவிட்டது.

திருநெல்வேலியில் இது நேர்மாறாக நடந்தது. கிறிஸ்தவர்கள் கூடி வாழப் புதிய ஊர்களே எழுந்தன. 1799-இல் உருவான முதலூர் அவற்றில் முதலாவது. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், சாயர்புரம் என்று பெயர்கள் வந்தன. டோனாவூர் என்ற பெயர் ஜெர்மானியப் பிரபு டோனாவின் நன்கொடையால் வந்தது. இந்த ஊர்களைக் கண்டுபிடிப்பது எளிது. அவற்றுக்கு முந்திய ஊரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். குடும்பம் நாசரேத்துக்கு எங்கிருந்து வந்தது என்று தேடும்போது, முதல் தலைமுறையின் திருமணப் பதிவைப் பாருங்கள். மாப்பிள்ளை ஊர், பெண் ஊர் இரண்டும் தனித்தனியாக இருக்கும் இடம் அது.

டேனிஷ், டச்சு, பழைய ஆங்கில ஏடுகளில் ஒருவரை ‘மலபார்’ என்று குறித்திருந்தால் கேரளத்துக்காரர் என்று எடுக்க வேண்டாம். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழ் மொழியையும் பெரும்பாலும் அப்படித்தான் சொன்னார்கள். இந்த ஒரு சொல்லால் கேரளத்துக்குத் திசைமாறிய தேடல்கள் நிறைய.

தமிழில் எழுதியிருந்தால்

தமிழில் எழுதியிருந்தால் சிக்கல் இல்லை என்று நினைப்போம். சிக்கல் உண்டு, வேறு மாதிரி. பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விடுவது வழக்கம். ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். எகர ஏகார வேறுபாடு இருக்காது. நல்லூர் என்பது ‘நலலூர’ என்றோ ‘நலலூா’ என்றோ தெரியும். லை, னை, ணா, றா போன்றவை 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவத்தில் இருக்கும். பாட்டி வீட்டுப் பழைய புத்தகங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஊர்க் கட்டத்தில் ௸ என்ற குறியைப் பார்த்தால் அது ஊரின் பெயர் இல்லை. ‘மேற்படி’ என்பதற்கான குறி. மேலே கடைசியாக எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அதுதான் இவருக்கும். சில நேரம் அது முந்தின பக்கத்தில் இருக்கும். உங்கள் முன்னோரின் வரியை மட்டும் போட்டோ எடுத்து வந்தீர்கள் என்றால் ஊரை அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள் என்று அர்த்தம். முழுப் பக்கத்தையும், முந்தின பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். இலத்தீன் பதிவேட்டில் இதே வேலையைச் செய்வது ‘இபிடெம்’. அங்கே ‘ஓரியுண்டுஸ்’ என்று இருந்தால் பூர்வீகம், ‘டேஜென்ஸ்’ என்று இருந்தால் இப்போது வசிக்கும் இடம். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். பூர்வீகத்தை விட்டுவிட்டு வசிப்பிடத்தை மட்டும் குறித்துக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கிற பிழை.

அந்த ஊர் யாருடைய ஊர்?

பெயரைச் சரியாகப் படித்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். மூத்த பிள்ளையின் ஞானஸ்நானம் அம்மாவின் ஊர்க் கோயிலிலேயே நடந்து முடிந்திருக்கலாம். அந்தப் பதிவில் இருக்கும் ஊரை அப்பா வழிப் பூர்வீகம் என்று எழுதினால் மொத்தக் கதையும் புரண்டுவிடும். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகளின் பதிவையும் தேடிப் பாருங்கள். மூத்தவருக்கு மட்டும் வேறு ஊர் என்றால் அது தாய்மாமன் ஊர். எனக்கு இது பிழையாகத் தோன்றுவதில்லை, பெரிய பரிசு. பெண் வழி முன்னோரைப் பதிவேடுகள் அவ்வளவு எளிதாகக் காட்டுவதில்லை. ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களும் பல நேரம் அந்த ஊரை நோக்கியே கைகாட்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு கவனம். அங்கே ‘விளை’ என்று முடியும் பெயர்கள் எண்ணிலடங்காதவை. சில ஊர், சில நான்கு வீடு இருக்கும் ஒரு தோப்பு, சில வீட்டுப் பெயர். தமிழக வருவாய்ப் பட்டியலில் கிடைக்கவில்லை என்றால் அப்படி ஓர் இடமே இல்லை என்று ஆகாது. 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதி திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி கணக்கில் இருந்ததால், பழைய மதராஸ் மாகாண ஊர்ப் பட்டியலிலும் அது கிடைக்காது. மற்ற மாவட்டங்களிலும் வருவாய்க் கிராமம் ஒன்றுக்குள் பல குக்கிராமங்கள் அடங்கும். உபதேசியார் சொன்னது குக்கிராமத்தின் பெயர். அரசாங்கப் பட்டியலில் இருப்பதோ வருவாய்க் கிராமத்தின் பெயர்.

பக்கத்து ஊர்களே சாட்சி

இனி நெல்லூருக்குத் திரும்பலாம். பதிவேட்டில் உங்கள் வரிக்கு முன்னும் பின்னும் சில பக்கங்களில் வரும் எல்லா ஊர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ‘டில்லிபள்ளி’, ‘ஊடூவில்’, ‘மனெப்பி’ என்று வருகிறதா? தெல்லிப்பழை, உடுவில், மானிப்பாய். அப்படியானால் உங்கள் ஊர் யாழ்ப்பாணத்து நல்லூர். பக்கத்தில் ஓங்கோல் வந்தால் ஆந்திர நெல்லூர். ‘சுரண்டெய்’யும் ஆலங்குளமும் வந்து, ஊர் ‘நுல்லூர்’ என்று யூ போட்டு எழுதியிருந்தால், அது இன்றைய தென்காசி மாவட்டத்தில் சி.எம்.எஸ். பணித்தளமாக இருந்த இன்னொரு நல்லூர். கத்தோலிக்கச் சாமியாரோ புராட்டஸ்டண்டு ஐயரோ நடந்தும் மாட்டுவண்டியிலும் போய் வந்த எல்லைக்குள்தான் அவருடைய பங்கின் அல்லது சேகரத்தின் ஊர்கள் இருக்கும். தெளிவாகத் தெரிந்த ஊர்களை முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டால், தெரியாத ஊர் அவற்றுக்கு நடுவில் எங்கோதான் இருக்க வேண்டும். புதூர், புதுப்பட்டி, நல்லூர் போல மாவட்டத்துக்குப் பல இருக்கும் பெயர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அதே தாளில், ஒரே கையெழுத்து எந்த ஒலிக்கு எந்த எழுத்தைப் போடுகிறது என்றும் குறித்து வாருங்கள். எழுதியவர் மாறினால் புதிய தாள். அவர் வட்டுக்கோட்டைக்கு பி போடுகிறவர் என்று தெரிந்துவிட்டால், பி-யில் தொடங்கும் தெரியாத ஊரை வகரத்தில் தேடலாம். ஒருவர் கைக்கு இப்படி ஒரு பட்டியல் தேறிவிட்டால் அந்தப் பதிவேட்டின் மீதிப் பக்கங்கள் தாமே திறந்துகொள்ளும்.

சரிபார்க்க உதவுபவை சில. பழைய சர்வே வரைபடங்கள், 19-ஆம் நூற்றாண்டின் மாவட்டக் கையேடுகள், 1871 முதல் வந்த மக்கள்தொகைக் கணக்கின் கிராமப் பட்டியல்கள். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு பிரான்சின் ஏ-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகம் பழைய பதிவேடுகளை இணையத்தில் தந்திருக்கிறது. இலங்கைக் குடும்பங்களுக்கு டச்சுக் காலத்துப் பள்ளித் தோம்புகள் (பதிவேடுகள்) உண்டு. ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளி வாரியாக அவற்றில் குறிக்கப்பட்டன. மதராஸிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய கோயில் பதிவுகளின் படிகள் 1698 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பதிவுகள் என்பதால் எல்லோருக்கும் பயன்படாது. 2020-இல் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றும் ஆணையை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஆணை நிற்காவிட்டாலும் அந்தப் பட்டியல் நமக்கு உதவும். ஆங்கிலேயர் எழுத்தும் தமிழ் ஒலியும் அதில் அருகருகே கிடைக்கின்றன.

கடைசியாக, எழுதி வைக்கும் முறை. குடும்ப மரத்தில் ஊரைக் குறிக்கும்போது பதிவேட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை ஓர் எழுத்தும் மாற்றாமல் முதலில் எழுதுங்கள். அடுத்து, இன்றைய பெயர், வட்டம், மாவட்டம். அதற்கும் அடுத்து, எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று ஒரு வரி: ‘அதே பக்கத்தில் சுரண்டை, ஆலங்குளம்’ என்பதுபோல. உறுதி இல்லாவிட்டால் ‘இருக்கலாம்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். நாளைக்கு உங்கள் பேத்தி இன்னொரு பதிவேட்டுடன் வந்து உட்காரும்போது, நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.